தேசப்படம் வரைந்த வைத்தியர்: டெனிஸ் பேர்க்கிற்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் நாவலரையோ தாமோதரம்பிள்ளையையோ எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். அவர்தம் வரலாறுகள் இத்தகைய மலர்களிற் பலகாலும் வந்துள்ளன; இனியும் வரும். யான் எடுத்துக்கொண்டவரோ அயர்லாந்து தேசத்தில் பிறந்து ஆபிரிக்காவிலே சத்திரவைத்தியராய்ப் பணியாற்றியவர். இதற்குக் காரணம் ஒன்றுண்டு.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இன்று ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. பிறந்த சில கிழமைகளிலேயே பித்தநாளம் அடைபட்டு மஞ்சட்காமாலை கண்ட அக்குழந்தைக்குத் தாயின் ஈரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் பொருத்தினர். குழந்தை பிழைத்தது. எட்டு மாதங்களின் பின்னர் அதன் கழுத்தில் நெறி கட்டிற்று. தொண்டையினுள்ளே வீக்கமும் ஓயாத காய்ச்சலும் கண்டன. நிணநீர்க் கலங்கள் கட்டுக்கடங்காது பெருகுகின்றன, இது புற்றுநோயாகவும் முற்றக்கூடும் என வைத்தியர்கள் தெரிவித்தனர். அவர்கள் செய்த முதற் சிகிச்சை புதிய மருந்து கொடுப்பதன்று. கொடுத்துவந்த மருந்தைக் குறைப்பதே. நெறி வற்றியது, ஈரலும் பழுதுறவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையிலே இருந்து அத்தந்தை இவற்றைச் சொன்னபோது, மருந்தைக் குறைக்க நோய் குறைவது எங்ஙனம் என எனக்கு விளங்கவில்லை. வைத்தியத்துறையிலுள்ள வேறு பழைய மாணவர்களை வினாவியும் நூல்களைப் புரட்டியும் யான் சென்ற வழியெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் டெனிஸ் பேர்க்கிற் என்னும் பெயரே.

பேர்க்கிற் 1911 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆந் திகதி, அயர்லாந்தின் வடபாலுள்ள எனிஸ்கிலன் என்னும் ஊருக்கணித்தாகப் பிறந்தார். தந்தையார் அம்மாவட்டத்தின் பொறியியலாளர். வீதிகளையும் பாலங்களையும் பராமரிப்பது அவர் தொழில். ஆயினும் உலகம் அவரை நினைவு வைத்திருப்பது வீதிகளுக்காக அன்று. தம் தோட்டத்துக்கு வந்த றொபின் என்னுஞ் சிறு குருவிகளின் கால்களில் உலோக வளையங்களை மாட்டி, எந்தக் குருவி எவ்வெல்லைக்குள் வாழ்கிறது என்பதைக் குறித்துப் படமாக வரைந்தவர் அவர். பறவையியலார் அப்பணியை இன்றும் முன்னோடிப் பணியாகப் போற்றுகின்றனர். எது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று குறித்துவைக்கும் பழக்கம் மகனுக்குத் தந்தைவழி வந்த முதுசொம் எனக் கொள்வதில் தவறில்லை.

பதினொரு வயதிலே, சிறுவர்களுக்கிடையே நேர்ந்த சண்டையில் எறியப்பட்ட கல்லொன்று பேர்க்கிற்றின் மூக்குக்கண்ணாடியை உடைத்தது. கண்ணாடித் துண்டுகள் வலக்கண்ணிற் பாய்ந்தமையால் அக்கண்ணை அகற்ற நேர்ந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவர் ஒற்றைக் கண்ணரே. (பாடசாலை வளவில் கல்லெறியும் மாணவர்கள் இப்பந்தியை இருமுறை வாசிப்பார்களாக.) படிப்பில் அவர் அப்போது முன்னணியில் நின்றவரல்லர். தந்தையாரின் தொழிலைப் பின்பற்ற எண்ணி 1929 இல் டப்ளின் திரித்துவக் கல்லூரியிற் பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே அவருடைய கிறித்தவ நம்பிக்கை ஆழமாக வேரூன்றிற்று. வைத்தியமே தமக்கு விதிக்கப்பட்ட பணி என்னுந் தெளிவு அதனாற் பிறக்க, துறை மாறி 1935 இல் வைத்தியராய் வெளிவந்தார். 1938 இல் எடின்பரோவில் சத்திரவைத்தியர் பட்டமும் பெற்றார். பின்னர்க் கப்பலொன்றில் வைத்தியராகி மஞ்சூரியா வரை சென்று மீண்டார்.

ஆபிரிக்காவிற் பணிபுரிய விரும்பிக் குடியேற்றநாட்டு வைத்திய சேவைக்கு விண்ணப்பித்தபோது, ஒரு கண் இல்லை என்பதனால் அவரை ஏற்க மறுத்துவிட்டனர். சத்திரவைத்தியனுக்குக் கண் முதன்மையன்றோ. மறுத்தவர்களை முற்றாகக் குறைகூறவும் இயலாது. ஆனால் 1941 இல் யுத்தத்தின் நெருக்கடி காரணமாக இராணுவ வைத்தியப் படை அவரை ஏற்றுக்கொண்டது. அப்படையினராய்க் கிழக்காபிரிக்காவைக் கண்ட பின்னர் அவர் மனம் அங்கேயே நிலைத்துவிட்டது. 1943 இல் ஒலிவ் றொஜர்ஸ் என்னுந் தாதியாரை மணந்தார். அவர்களுக்குப் புதல்வியர் மூவர். யுத்தம் முடிந்தபின், 1946 இல், முன்னே மறுத்த அதே சேவை அவரை உகண்டாவுக்கு அனுப்பியது.

வடக்கு உகண்டாவில் லாங்கோ மாவட்டத்தைச் சேர்ந்த லீரா என்னும் ஊர் அவருடைய முதற் களம். அங்கே ஆடவர் பலர் ஓதநோயால் வருந்தினர். சத்திரசிகிச்சை செய்து அனுப்புவதோடு எந்த வைத்தியரும் நின்றுவிடுவர். பேர்க்கிற்றோ வந்தவர்களின் ஊர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாவட்டத்தின் கிழக்கே இந்நோய் மிகுந்தும் மேற்கே அரிதாகவும் இருக்கக் கண்டார். நுளம்பு பரப்பும் யானைக்கால் நோய்ப் புழுவே இவ்வேறுபாட்டுக்குக் காரணமென்பது பின்னர் விளங்கியது. ஒரு நோய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அஃது ஏன் வருகிறது என்பதற்கு விடை கிடைக்கக்கூடும் என்னும் பாடத்தை அவர் கற்றது இங்கேதான். 1948 இல் தலைநகராகிய கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலைக்கு மாற்றம் பெற்றார்.

1957 இல் ஒருநாள், அவ்வைத்தியசாலையின் குழந்தை வைத்தியராகிய ஹியூ ட்றோவெல் என்பார், தம் விடுதியிலிருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்க்குமாறு பேர்க்கிற்றை அழைத்தார். சிறுவனின் மேற்றாடை கீழ்த்தாடை இரண்டும் இருமருங்கும் வீங்கிப் பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. சீழ்க்கட்டியாயின் ஒரு பக்கத்தில் வரும். புற்றுநோயாயினும் ஓரிடத்தில் தொடங்கும். நான்கிடத்திலும் ஒருங்கே வந்த இதனை இன்னதென்று துணிய இருவராலும் இயலவில்லை. பேர்க்கிற் சிறுவனைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். சில கிழமைகளின் பின் ஜின்ஜா என்னும் ஊரின் வைத்தியசாலைக்குச் சென்றவர், யன்னலூடாக வெளியே பார்த்தபோது, புற்றரையிலே தாயோடு இருந்த வேறொரு குழந்தையின் முகத்தில் அதே வீக்கத்தைக் கண்டார். உடனே வெளியே ஓடிச்சென்று பார்த்தார். நான்கு இடங்களிலும் வீக்கம். வயிற்றிலும் கட்டிகள் இருந்தன. ஒரு குழந்தைக்கு வந்தது விந்தை எனலாம். இருவருக்கு வந்தால் அது நோய். தாயையுங் குழந்தையையுங் கம்பாலாவுக்கு அழைத்துச் சென்றார்.

பின்னர் வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தார். தாடையில் ஒரு புற்று, சிறுநீரகத்தில் ஒரு புற்று, ஈரலில் ஒரு புற்று, சூலகத்தில் ஒரு புற்று என வெவ்வேறு பெயர்களில் எழுதப்பட்டிருந்த குழந்தைகள் பலர், ஒரே நோயால் மாண்டவர்கள் என்பது அவருக்குப் புலனாயிற்று. நோயியல் வல்லுநர்கள் அது நிணநீர்க் கலங்களிற் பிறக்கும் புற்றுநோய் என்று நிறுவினர். அக்கட்டி வளரும் வேகம் அஞ்சத்தக்கது. மனிதரிற் காணும் கட்டிகளுள் இதனினும் விரைவாய் வளர்வது வேறில்லை என்பர். அவர் 1958 இல் பிரித்தானிய சத்திரவைத்தியச் சஞ்சிகையில் இதனை எழுதினார். கவனித்தவர் மிகச் சிலரே.

இனி வருவது அவர் வாழ்விற் சிறந்த பகுதி, ஆதலின் விரித்துரைக்கின்றேன். குழந்தைகளின் படங்களை அச்சிட்டு, இத்தகைய நோயைக் கண்டதுண்டா என வினவி, ஆபிரிக்கா எங்கணும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளுக்கும் மிசன் வைத்தியசாலைகளுக்கும் மடல்கள் அனுப்பினார். விடை வந்த ஊர்களைத் தம் சுவரிலிருந்த ஆபிரிக்கத் தேசப்படத்திற் குறியிட்டார். குறிகள் பூமத்திய கோட்டின் இருபுறமும் ஒரு பட்டையாக அமைந்தன. தென்கிழக்கே ஒரு வால் நீண்டது. பட்டையின் ஓரம் எங்கே முடிகிறது, ஏன் அங்கே முடிகிறது என்பதைக் கண்ணாற் கண்டறிய விரும்பினார். டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்னும் மிசன் வைத்தியர் இருவரைத் துணைக்கொண்டு, பழைய போர்ட் மோட்டார் வண்டி ஒன்றை வாங்கி, 1961 ஒக்டோபரில் கம்பாலாவிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பத்துக் கிழமைகளில் ஏறக்குறைய 10,000 மைல். அறுபதுக்கு அண்மித்த வைத்தியசாலைகள். வண்டி பழுதுபட்டால் திருத்தும் வல்லமை வில்லியம்சுக்கு இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் படங்களைக் காட்டி ஒரே வினாவைக் கேட்டனர். கண்டதுண்டு என்ற ஊருங் கண்டதில்லை என்ற ஊரும் அவருக்கு ஒரே மதிப்புடையனவாயின. ஆராய்ச்சி என்றதும் பளிங்குக் குடுவைகளையும் பல இலட்சம் ரூபாய்ப் பொறிகளையும் எண்ணும் நம் விஞ்ஞான மாணவர்கள், ஒரு பழைய காரும் சில நிழற்படங்களும் இங்கே ஆய்வுகூடமாய் அமைந்தமையைக் கருதுவார்களாக.

உயர்ந்த மலைநாட்டில் அந்நோய் இல்லை. பூமத்திய கோட்டுக்கு அருகே 5,000 அடிக்கு மேற்பட்ட இடங்களிற் காணப்படவில்லை. தெற்கே செல்லச் செல்ல அந்த உயரவெல்லை தாழ்ந்துகொண்டே வந்தது. உயரம் என்று தோன்றியது உண்மையில் வெப்பம் என்பதை, என்ரபே நகரின் வைரசு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த அலெக்சாண்டர் ஹடோ என்பார் சுட்டிக்காட்டினார். குளிர்காலத்திலும் வெப்பநிலை 60 பாகை பரனைற்றுக்குக் கீழே செல்லாத, மழை போதியளவு பெய்யும் இடங்களே நோயின் இருப்பிடம். இஃது நுளம்பின் தேசப்படம் அன்றோ? நுளம்பு ஒரு வைரசைப் பரப்பி இப்புற்றை உண்டாக்குகிறது என அவர்கள் கருதினர். இக்கருத்து அவ்வாறே நிலைபெறவில்லை. நுளம்பு வைரசைப் பரப்பவில்லை, மலேரியாவைப் பரப்பியது. ஓயாத மலேரியா குழந்தையின் நிர்ப்பீடனத்தைத் தளர்த்த, வேறுவழியாய் உடலிற் புகுந்த வைரசு தன் வேலையைச் செய்தது. பேர்க்கிற் விடையிற் பாதியைத் தவறவிட்டார் எனலாம். ஆயினும் அவர் வரைந்த படம் தவறவில்லை.

அவ்வைரசைக் கண்ட கதை பிறிதொருவருடையது. அப்பயணத்துக்கு முன்னரே, 1961 மார்ச் 22 ஆந் திகதி, விடுமுறையில் இங்கிலாந்து சென்றிருந்த பேர்க்கிற், இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். கேட்டிருந்தவர்களுள் அன்ரனி எப்ஸ்ரைன் என்னும் இளைஞர் ஒருவர். கோழிகளிற் புற்றுநோய் உண்டாக்கும் வைரசை ஆராய்ந்துகொண்டிருந்தவர். வெப்பமும் மழையும் நோயின் எல்லையை வகுக்கின்றன என்று கேட்ட மாத்திரத்தே, இங்கே வைரசு ஒன்று இருக்கவேண்டும் என அவர் துணிந்தார். கம்பாலாவிலிருந்து கட்டியின் துண்டுகள் விமானத்தில் இலண்டனுக்கு வரலாயின. ஏறக்குறைய இரண்டாண்டு காலம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

1963 டிசம்பர் 5 ஆந் திகதி, மூடுபனி காரணமாக விமானம் மஞ்செஸ்ரர் நகருக்குத் திருப்பப்பட்டது. துண்டு பிந்தி வந்து சேர்ந்தபோது அது கிடந்த நீர் கலங்கியிருந்தது. பழுதாயிற்றென வீசிவிடுவதே வழக்கம். எப்ஸ்ரைன் ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினார். கலக்கம் கிருமியாலன்று, துண்டிலிருந்து உதிர்ந்து மிதந்த உயிருள்ள கலங்களால் ஆயது. அக்கலங்களை வளர்த்தெடுத்து, அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தபோது வைரசு தெரிந்தது. எப்ஸ்ரைன், திரினிதாத் தீவினரான பேர்ட் அச்சொங், ஐவொன் பார் என்னும் பெண்மணி ஆகிய மூவரும் 1964 மார்ச்சில் லான்செற் சஞ்சிகையில் அதனை வெளியிட்டனர். எப்ஸ்ரைன்-பார் வைரசு எனப் பெயர் வந்தது அவ்வாறே. மனிதரிற் புற்றுநோயோடு தொடர்புபட்டதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரசு அது.

பின்னர் வியப்பொன்று நேர்ந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஹென்லே தம்பதியர் ஆராய்ந்தபோது, இவ்வைரசு ஆபிரிக்கக் குழந்தைகளிடம் மட்டுமன்றி எங்கும் எவரிடத்தும் இருக்கக் கண்டனர். உமிழ்நீர் வழியே பரவுவது. குழந்தைப் பருவத்தில் வந்தால் பெரும்பாலும் வந்ததே தெரியாது. இளைஞருக்கு வந்தால் காய்ச்சல், தொண்டைநோ, கழுத்து நெறி எனச் சில கிழமை வருத்தும். வளர்ந்தோரிற் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் அதனைச் சுமந்து திரிகின்றனர். இதனை வாசிப்போரும் எழுதுவோனும் அதற்கு விலக்கல்லர். பீ நிணநீர்க் கலங்களுட் புகுந்து அவற்றைப் பெருகச் செய்வது அதன் இயல்பு. ரீ நிணநீர்க் கலங்கள் காவலிருந்து அப்பெருக்கத்தை அடக்கிவைக்கின்றன. காவல் உள்ளவரை நலமே.

காவலை வைத்தியரே தளர்த்த நேர்ந்தால் என்னாகும்? இங்கேதான் என் மாணவரின் குழந்தை இவ்வரலாற்றினுள் வருகின்றது. எப்ஸ்ரைனின் துண்டு மூடுபனியில் அலைந்த அதே 1963 ஆம் ஆண்டின் மார்ச் முதலாந் திகதி, அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்ராசில் என்பார் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு மாற்று ஈரல் பொருத்த முயன்றார். குருதி நில்லாமையால் அக்குழந்தை சத்திரசிகிச்சை மேசையிலேயே உயிர்நீத்தது. பித்தநாளம் அற்றுப் பிறந்த குழந்தை அதுவும். 1967 இல் அவர் முயற்சி கைகூடிற்று. பிறர் உறுப்பை உடல் வெறுத்து ஒதுக்காவண்ணம் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளை நாள்தோறும் கொடுக்கவேண்டும். அம்மருந்துகள் சிறந்து வரவர, ஈரல் பெற்ற குழந்தைகள் நெடுநாள் வாழலாயினர். அவர்களுட் சிலருக்கு நிணநீர்க் கட்டிகளும் வரலாயின. கட்டியினுள்ளே தேடியபோது அங்கிருந்ததும் எப்ஸ்ரைன்-பார் வைரசே.

குழந்தைகளுக்கு இவ்வாபத்து வளர்ந்தோரினும் மிகுதியாய் இருப்பதன் காரணம் எளிது. வளர்ந்தவருக்கு அவ்வைரசு முன்னரே வந்துபோயிருக்கும். காவற் கலங்கள் அதனை அறிந்திருக்கும். பச்சிளங் குழந்தைக்கோ அது புதிது. தாயின் ஈரலோடு தாயின் உடலில் உறங்கிக் கிடந்த வைரசும் குழந்தையினுட் குடிபுகுகிறது. அவ்வேளை பார்த்துக் காவலும் மருந்தினாற் கட்டுண்டு கிடக்கிறது. ஆபிரிக்காவில் மலேரியா செய்த வேலையை இங்கே மருந்து ஓரளவுக்குச் செய்கிறது எனலாம். 1984 இல் ஸ்ராசிலுந் தோழர்களும், அடக்கும் மருந்தைக் குறைத்தால் இக்கட்டிகள் தாமாகவே கரையக்கூடும் என லான்செற்றில் அறிவித்தனர். கட்டவிழ்ந்த காவலாளி தன் கடமையைச் செய்கிறான். மிகுதியாய் அவிழ்த்துவிட்டால் ஈரலையே தாக்குகிறான். அளவறிந்து குறைப்பதிலேதான் வைத்தியரின் திறன் இருக்கிறது. திண்ணையில் எனக்கு விளங்காதிருந்தது இதுவே. இன்று குருதியில் வைரசின் அளவைக் காலந்தோறும் அளந்து, கட்டி தோன்றுமுன்னரே மருந்தைக் குறைக்கின்றனர். குறைத்தும் அடங்காத கட்டிகளுக்குப் பீ கலங்களை அழிக்கும் றிற்றுக்சிமாப் என்னும் மருந்தும், அதன்மேலும் வேண்டின் புற்றுநோய் மருந்துகளும் உள. இவ்வாறு வரும் கட்டிகளுட் சில, நுணுக்குக்காட்டியில் பேர்க்கிற் கண்ட அதே கட்டியாகவே இருக்கின்றன.

அப்புற்றுநோய் மருந்துகளின் வரலாற்றிலும் பேர்க்கிற்றுக்கு இடமுண்டு. கம்பாலாவிற் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வசதி இருக்கவில்லை. தாடையைச் சத்திரத்தால் வெட்டுவது குழந்தையைச் சிதைப்பதாகும், பயனும் இல்லை. நியூயோர்க் வைத்தியர்கள் உதவிய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். அங்கு வழங்கியதினும் குறைந்த அளவே அவர் கொடுத்தது. வீக்கம் நாட்கணக்கில் வற்றியது. தொலைவிலிருந்து வந்த தாய்மாருட் பலர், குழந்தை தேறியதும் ஊர் திரும்பிவிடுவர், மறுமுறை வருவதில்லை. இறந்திருப்பர் என எண்ணப்பட்ட குழந்தைகளுட் சிலர் ஆண்டுகள் கழித்தும் நலமாக வாழ்வது பின்னர்த் தெரியவந்தது. எல்லாரும் பிழைத்தனரல்லர், பிழையாதோரே பலர். ஆயினும் பரவிய புற்றுநோயை மருந்தொன்றினாலேயே முற்றாகத் தீர்க்கலாம் என்பதற்கு உலகம் கண்ட தொடக்கச் சான்றுகளுள் அக்குழந்தைகளும் அடங்குவர். 1972 இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு இதன்பொருட்டே அவருக்கும் வேறு சிலருக்கும் வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே றோயல் சொசைற்றியின் உறுப்பினராகவுந் தெரியப்பட்டார்.

1966 இல் இங்கிலாந்து மீண்ட பின்னர் அவர் எடுத்த முயற்சி வேறு. ஆபிரிக்கக் கிராமத்தவரிடம் குடல்வால் அழற்சி, மலச்சிக்கல், குடற் புற்று முதலியன அரிதாயிருக்க, மேனாட்டவரிடம் அவை மலிந்திருப்பதேன் என ஆராய்ந்து, தவிடும் நாரும் நீக்கிய உணவே காரணம் என்றார். மலத்தை நிறுத்தும், உணவு குடலைக் கடக்கும் நேரத்தை அளந்தும் ஆராய்ந்தவர்; மேடைகளில் அவற்றின் படங்களைக் கூசாது காட்டியவர். சபையோர் நெளிவர், பின் நகைப்பர். 1979 இல் நாருணவு பற்றி அவர் எழுதிய சிறுநூல் பலராலும் வாசிக்கப்பட்டது. இக்கருத்திற் சில பகுதி நிலைபெற்றது. சில பகுதி அவர் எண்ணிய அளவுக்கு மெய்ப்பிக்கப்படவில்லை. பொதுமக்கள் அவரை இதன்பொருட்டே அறிவர். லாங்கோ மக்களும் நம்மைப்போற் குரக்கன் உண்பவர்கள் என்பதை அறிந்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி. அதற்குமேல் இதைப்பற்றி யான் எழுதுவதற்கில்லை.

தம் பெயரால் ஒரு புற்றுநோய் வழங்குவதில் அவர் பெருமை கொண்டவராகத் தெரியவில்லை. தம்மைச் சிறந்த சத்திரவைத்தியர் எனவும் அவர் எண்ணியதில்லை; பிறர் உதவியால் ஆயதென்றே எப்போதும் பேசினார். 1993 மார்ச் 23 ஆந் திகதி, 82 ஆவது வயதில், இங்கிலாந்தின் குளொஸ்ரரிற் காலமானார். அவர் விரிவுரையை ஒருநாள் கேட்ட எப்ஸ்ரைன் 102 ஆண்டுகள் வாழ்ந்து 2024 இல் மறைந்தார். முலாகோவில், அவர் காலத்து விடுதிகளின் அருகே 1967 இல் நிறுவப்பட்ட புற்றுநோய் நிலையத்துக்கு, தாடை வீங்கிய குழந்தைகளைத் தாய்மார் இன்றும் கொண்டுவருகின்றனர். என் மாணவரின் மகள் இவ்வாண்டு பாலர் வகுப்பிற் சேர்ந்துள்ளாள். மூன்று மாதத்துக்கொருமுறை குருதி கொடுத்து வருகிறாள்.